விரிப்பின் மறுமுனை

லாண்டரியின் கல்லாமேசை மேல் ஒரு மணி இருந்தது. உள்ளங்கையால் தலையில் தட்டினால் ‘டிங்’ என்று கேட்கும் வகை. வந்தவர் தட்டினால், உள்ளே எந்த வேலையில் இருந்தாலும் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வருவது லாண்டரியக்காவின் கால்களுக்குப் பழக்கம். கால்களுக்கு என்றுதான் சொல்ல வேண்டும். தலைக்குச் செய்தி போய்ச் சேர்வதற்குள் அவை பாதி தூரம் வந்திருக்கும்.

அதனால்தான், இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய மறுநாள் காலை, மாடியில் படுத்திருந்தவள் மணிச் சத்தம் கேட்டதும் எழுந்துவிட்டாள். பாதிப் படி இறங்கிய பிறகுதான் மணிக்கட்டில் கட்டு இருப்பதும், அந்தக் கையை ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததும் நினைவுக்கு வந்தது. மூச்சு வாங்கியது. அப்படியே படியில் உட்கார்ந்தாள்.

“வந்துட்டியா?” என்றார் கணவர் கீழேயிருந்து. “நல்லதாப் போச்சு. டீச்சரம்மா கோட்டு எங்க வச்ச? அரை மணி நேரமா தேடறேன்.”

“ரெண்டாவது கம்பியில. சாம்பல் கோட்டுக்குப் பின்னாடி.”

“பாத்தீங்களா டீச்சர்? நேத்துதான் ஆஸ்பத்திரியிலேருந்து வந்தா. அதுக்குள்ள எந்திரிச்சு வந்துட்டா. இவளுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது.”

மனுஷர் பெருமையாகத்தான் சொன்னார். திட்டியிருந்தாலாவது திருப்பித் திட்டலாம். பாராட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்து எழுந்து, வந்த வழியே மேலே போனாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே ஸ்டென்ட் அவருக்கும் வைத்தார்கள். அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர், அதே மணிக்கட்டு வழியாக. வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததுதான் வேறு. கல்லாமேசை மணி மாடிக்கு ஏறி அவர் தலைமாட்டில் உட்கார்ந்தது. அது அவருடைய அக்காவின் யோசனை. “தம்பி கத்திக் கூப்பிடக் கூடாது, நெஞ்சுக்கு ஆகாது” என்று அந்த அம்மாளே தூக்கிக்கொண்டு போய் வைத்தாள். ஒரு தட்டுக்குத் தண்ணீர், இரண்டு தட்டுக்கு டீ. தட்டுகிறவருக்குச் சுகமாகத்தான் இருந்தது. ஏறி இறங்கியவளை யாரும் கேட்கவில்லை. நாத்தனார் ஒரு மாதம் பக்கத்திலேயே உட்கார்ந்து விசிறினாள், பேசினாள், வருகிற போகிறவர்களிடமெல்லாம் தம்பி பிழைத்த கதையைச் சொன்னாள். எழுந்து போய் டீ மட்டும் போடவில்லை.

அப்புறம் அவர் ஆஸ்பத்திரிப் பயிற்சிக் கூடத்துக்கு, வாரத்தில் சில நாள் காலையில், நடக்கப் போனார். வெள்ளை ஷூ புதிதாக வாங்கினார். மகன் வேனில் கொண்டுபோய் விட்டான். பிளாஸ்கில் சூப் ஊற்றிக் கொடுத்தது அவள். திரும்பி வந்து கதை கதையாகச் சொல்வார். அங்கே எல்லாரும் தன்னைக் ‘கேப்டன்’ என்று கூப்பிடுகிறார்களாம். வகுப்பு முடிந்த அன்றே ஷூ கட்டிலுக்கு அடியில் போனது. கேப்டனும் அத்தோடு ஓய்வு பெற்றுவிட்டார்.

இப்போது அவள் முறை வந்தபோது நாத்தனார் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தாள். தானே உரித்து, பாதியைத் தானே தின்று, “உனக்கென்னடி, நீ இரும்பு” என்று கன்னத்தைத் தட்டிவிட்டு அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். மகனும் பாசக்காரன்தான். “அம்மா, நல்லா ரெஸ்ட் எடும்மா” என்பான். சொன்ன வாய் மூடுவதற்குள், “என் நீலச் சட்டை எங்கம்மா?” என்பான். ஒரு வாரம் போவதற்குள் அவள் கீழே நின்றுகொண்டிருந்தாள். யாரும் அவளை இழுத்து வந்து நிறுத்தவில்லை. ஒவ்வொரு ‘எங்க’வுக்கும் ஒவ்வொரு படியாக இறங்கி வந்து சேர்ந்தாள், அவ்வளவுதான்.

அவளுக்குப் பயமாக இருந்தது. ஈரத் துணிக் கூடையை இடுப்பில் வைத்து மொட்டைமாடிக்கு ஏறும்போது, நடுப்படியில் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று திரும்பிப் படுப்பதுபோல் இருக்கும். நின்று, கையை அங்கே வைத்துப் பார்ப்பாள். துடிக்கிறதா? துடித்தது. அடுத்த படி. கொடியில் விரிப்புகளை வீசிப் போட்டுவிட்டு அவற்றின் நடுவே யாருக்கும் தெரியாமல் கொஞ்ச நேரம் குந்தியிருப்பாள். இதையெல்லாம் யாரிடம் சொல்வது? கேட்கிறவர்கள் எல்லாரும் “நல்லாத்தானே இருக்க?” என்று பதிலையும் சேர்த்தே கேட்டார்கள்.

பரிசோதனைக்குப் போன அன்று நர்ஸம்மாவும் சிரித்த முகத்தோடுதான் கேட்டாள்.

“வீட்டு வேலையெல்லாம் செய்ய முடியுதா?”

“முடியுது.”

“சமைக்கிறீங்களா? கூட்டிப் பெருக்கறீங்களா?”

“எல்லாம் செய்யறேன். கடை வேலையும் பாக்கறேன்.”

“அட, அப்ப சூப்பரா இருக்கீங்க!”

லாண்டரியக்காவுக்குச் சிரிப்பு வந்தது. இதே நாற்காலியில் அவள் கணவர் உட்கார்ந்திருந்தபோது, இதே கேள்விக்கு, “வீட்டு வேலையா? நான் வியாதி வர்றதுக்கு முன்னாடியே செஞ்சதில்லையேம்மா!” என்று அவர் சொல்ல, அறையே சிரித்தது. அவர் வீட்டு வேலை செய்யவில்லை என்று யாரும் அவரை நோயாளியாக்கவில்லை. அவள் செய்கிறாள் என்பதால் அவளைச் சௌகரியமாகச் சுகப்படுத்திவிட்டார்கள்.

வெளியே வந்து வராந்தாவில் நடந்தவளை ஒரு இளம்பெண் மறித்தாள். நீலச் சீருடை, கழுத்தில் விசில். பயிற்சிக் கூடத்தின் பயிற்சியாளர்.

“அம்மா, நீங்க கேப்டன் வீட்டு அம்மாதானே? அவருக்குச் சூப் குடுத்து விடுவீங்களே, எனக்கு ஞாபகம் இருக்கு. நீங்க ஏம்மா வகுப்புக்கு வரல?”

“நானா? எனக்குமா அது?”

“ஸ்டென்ட் வச்ச எல்லாருக்கும்தான். நீங்க டிஸ்சார்ஜ் ஆனப்ப நானே வந்து சொன்னேனே. நீங்க தூங்கிட்டிருந்தீங்க. சார்கிட்ட சொன்னேன்.”

“அவர் என்ன சொன்னாரு?”

பெண் கொஞ்சம் தயங்கினாள். “‘அவளுக்கு எதுக்கும்மா தனியா நடை? நாள் பூரா வீட்டுலயும் கடையிலயும் ஓடிக்கிட்டுத்தானே இருக்கா’ன்னாரு.”

“அது சரிதானே? நானும் மாடிப்படி ஏறி இறங்கிக்கிட்டுத்தானே இருக்கேன்.”

“ஏறும்போது எப்படி இருக்கு?”

கேட்டுவிட்டு அந்தப் பெண் பேசாமல் நின்றாள். பின்னால் யாரோ கூப்பிட்டும் திரும்பவில்லை. அவள் பதிலுக்காகத்தான் காத்திருக்கிறாள் என்பது லாண்டரியக்காவுக்குப் புரியவே சற்று நேரம் பிடித்தது. 

“பயமா இருக்கும்மா,” என்றாள். “பாதியில நின்னுடுவேன். மேல போறதா, கீழ வர்றதான்னு தெரியாது.”

“அதுக்குத்தாம்மா வகுப்பு. இங்க மெஷின்ல நடக்கும்போது, உங்க நெஞ்சு என்ன செய்யுதுன்னு நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருப்பேன். எவ்வளவு தாங்கும்னு பாத்துக் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டுவோம். அங்க துணிக்கூடையோட ஏறறீங்களே, யாரு பாக்கறா?”

வீடு வரும் வரைக்கும் பஸ்ஸில் அவள் காதில் அதுவே ஓடிக்கொண்டிருந்தது. யாரு பாக்கறா?

அவள் பரிசோதனைக்குப் போனதால் காலையில் நின்றுபோன லாட்ஜ் விரிப்புகளை அன்று சாயங்காலம் மடித்தார்கள். இரட்டைக் கட்டில் விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு மூலை பிடித்து, விறைப்பாக இழுத்து, ஒரு உதறு. கை இரண்டையும் சேர்த்து, எதிரெதிரே நடந்து வந்து, ஒருவர் தன் மூலையை மற்றவர் கையில் கொடுத்துக் குனிந்து, மடிப்பைப் பிடித்துக்கொண்டு மறுபடி பின்னால் போக வேண்டும். கல்யாணம் ஆன நாள் முதல் இவர்கள் இருவரும் இப்படித்தான் சந்தித்துப் பிரிந்துகொண்டிருக்கிறார்கள். பேச வேண்டியதையெல்லாம் பேசுவதும் இந்த நேரத்தில்தான். குனிகிறது எப்போதும் அவள்.

“வகுப்புக்கு என்னையும் கூப்பிட்டாங்களாமே,” என்றாள், இழுத்துப் பிடித்தபடி.

“யாரு சொன்னா?” உதறினார்.

“விசில்காரப் பொண்ணு.”

“ஆமா, ஏதோ சொல்லுச்சு.” நடந்து வந்தார். “அதெல்லாம் சும்மா உக்காந்திருக்கறவங்களுக்கும்மா. நீ எங்க உக்கார்ற?”

“நான் உக்காராததுதான் வியாதியே. என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லி? காலையில அங்க போயிட்டா இதை யாரு மடிக்கறது? லாட்ஜுக்காரன் மத்தியானத்துக்குள்ள கேப்பான். இது ரெண்டு பேர் வேலைம்மா.”

“நீங்க படுத்திருந்தீங்களே, அப்ப மறுமுனையை யாரு பிடிச்சா?”

“யாரு… இவன் பிடிச்சிருப்பான்.”

இஸ்திரி மேசைக்குப் பின்னால் நின்ற மகன், வேன் சாவியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டான்.

“திரும்பிப் பாருங்க,” என்றாள்.

அவருக்குப் பின்னால் சுவரில், தோள் உயரத்தில் இரண்டு ஆணி. ஆணிக்கு ஒன்றாகத் துணிக் கிளிப் கட்டியிருந்தது. இரண்டு வருஷமாக அவர் அதற்கு முன்னால்தான் நிற்கிறார், பார்த்ததில்லை.

“அந்த ஆணிதான் பிடிச்சுது. ரெண்டு மூலையை அதுல மாட்டிட்டு, இந்தப் பக்கம் வந்து இழுத்து, அந்தப் பக்கம் போய்ப் பிரிச்சு, மடிச்சு, மறுபடியும் மாட்டி… நடுவுல ரெண்டு தட்டு கேக்கும். போட்டுட்டு டீ வைக்க ஓடுவேன். நீங்க நடந்துட்டு வந்து கேப்டன் கதை சொல்வீங்க. நானும் கேட்டுச் சிரிப்பேன்.”

“அதுக்கு இப்ப என்னம்மா…”

“எனக்குப் பயமா இருக்குங்க. ஒவ்வொரு படிக்கும் நெஞ்சைத் தொட்டுப் பாத்துக்கிட்டு ஏறறேன். ஒருநாள் மொட்டைமாடியிலேயே போயிட்டேன்னா, துணி காஞ்சுதான்னு பாக்க வரும்போதுதான் உங்களுக்குத் தெரியும்.”

“ஏய், என்ன பேச்சு இது!”

“என் நெஞ்சுக்கு நீங்க எப்படிங்க பதில் சொன்னீங்க? அது என்கிட்டதானே இருக்கு?”

சொல்லிவிட்டுக் கையிலிருந்த முனையை விட்டாள். சலவை செய்த வெள்ளை விரிப்பு தரையில் விழுந்தது. அந்தக் கடையில் துவைத்த துணி தரையைத் தொட்டதாகச் சரித்திரமே இல்லை. மூன்று பேரும் அதையே பார்த்தார்கள். வழக்கமாகக் குனிகிறவள் குனியவில்லை.

“நாளைக்குக் காலையில நான் போறேன்,” என்றாள். “ரெண்டு பேர் இல்லேன்னா கவலைப்படாதீங்க. ஆணி இருக்கு.”

காலையில்தான் ஷூ இல்லை என்று தெரிந்தது. செருப்போடு மெஷினில் ஏறக் கூடாதாம். கட்டிலுக்கு அடியில் கையை விட்டுக் கேப்டன் ஷூவை இழுத்துத் தூசு தட்டினாள். கால் உள்ளே நீச்சலடித்தது. லாண்டரிக்காரிக்கா வழி தெரியாது? கடையில் ஒரு இழுப்பறை நிறைய ஜோடி பிரிந்த காலுறைகள் கிடந்தன. சட்டைப் பையிலும் பேன்ட் காலிலும் ஒட்டிக்கொண்டு வந்து, யாரும் கேட்டு வராதவை. கோடு போட்டது ஒன்று, பச்சை ஒன்று, கணுக்காலில் வாத்துப் படம் போட்டது ஒன்று என்று ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டினாள். ஷூ கச்சிதமாகப் பிடித்துக்கொண்டது.

“வேன் லாட்ஜுக்குப் போகணுமேம்மா…” என்று மகன் இழுத்தான்.

“பஸ் ஓடுது,” என்று இறங்கிப் போய்விட்டாள்.

பயிற்சிக் கூடத்தில் எல்லாரும் ஆண்கள். ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர், மரக்கடைக்காரர், பஸ் டிரைவர் ஒருத்தர். பிளாஸ்கும் கையுமாக வந்த இவளைக் கண்டதும், “யாருக்குச் சூப்பு?” என்று போஸ்ட்மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

“எனக்குத்தான். நானே குடிக்கறதுக்கு,” என்றாள்.

நெஞ்சில் ஒயர்களை ஒட்டி மெஷினில் ஏற்றினார்கள். தரை தன்னால் பின்னால் நழுவியது. கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, விழுந்துவிடாமல் நடந்தாள். கையில் கூடை இல்லை. போய்ச் சேர வேண்டிய இடமும் இல்லை. யாரும் எதையும் எங்கே என்று கேட்கவில்லை. இப்படியும் நடக்கலாம் என்பது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் மூச்சு முட்டியது. உடனே கை தானாக நெஞ்சுக்குப் போனது.

“கையை எடுங்கம்மா. நான் பாத்துக்கிட்டிருக்கேன். நல்லா துடிக்குது. அழகா துடிக்குது,” என்றாள் விசில்காரப் பெண், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

லாண்டரியக்கா கையை எடுத்தாள். கண்ணீர் வந்தது. துடைக்கவில்லை, நடந்தாள்.

“வாத்து சாக்ஸ் பிரமாதம்!” என்று மரக்கடைக்காரர் கத்தினார்.

வீட்டில் அன்று மடித்த விரிப்புகள் எல்லாம் மூட்டை மாதிரி லாட்ஜுக்குப் போயின. லாட்ஜுக்காரர் போன் போட்டு, “யாராவது இதுக்குள்ள தூங்கிட்டிருக்காங்களாய்யா?” என்று கேட்டார். அப்பாவும் மகனும் ஒருவர் காலில் ஒருவர் இடறி விழாத குறை. எதிரெதிரே வந்தால் இரண்டு பேரும் ஒன்றாகக் குனிந்து மண்டையை முட்டிக்கொண்டார்கள். இல்லையென்றால் இரண்டு பேரும் குனியாமல் நின்றார்கள். அடுத்த வகுப்பு நாளிலும் அதே கூத்து. அதற்கடுத்து ஆணியும் கிளிப்புமாகத் தனியாக ஒரு விரிப்போடு மல்லுக்கட்டிப் பார்த்த கணவர், வியர்த்து விறுவிறுத்து, சுவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று இரவுச் சாப்பாட்டில், “எப்படித்தான் தனியா செஞ்சியோ” என்றார். அவள், “ஓடிக்கிட்டே செஞ்சேன்” என்றாள்.  தட்டை எடுத்துப் போய் அவரே கழுவினார். சரியாகக் கழுவவில்லை. அவள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

விஷயம் நாத்தனார் காதுக்குப் போகாமல் இருக்குமா? ஒருநாள் காலையில் கையை வீசிக்கொண்டு வந்து இறங்கினாள். லாண்டரியக்கா ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னடி இது கோலம்? தம்பியும் புள்ளையும் இங்க கெடந்து அல்லாடறாங்க, நீ பாட்டுக்கு ஆம்பள ஷூவை மாட்டிக்கிட்டு ஊர் சுத்தற?”

“நெஞ்சுல ஸ்டென்ட் இருக்கு அண்ணி. நடக்கச் சொல்லியிருக்காங்க.”

“அவனுக்கும்தான் இருக்கு! அவனைப் போய் வேலை செய்ய விடறியே, உனக்கு நெஞ்சு இருக்கா?”

“இருக்குன்னு இப்பத்தான் அண்ணி எல்லாருக்கும் தெரியுது. நீங்க வந்தது ரொம்ப நல்லதாப் போச்சு. இந்தாங்க, இதைப் பிடிங்க.”

பேச்சோடு பேச்சாக ஒரு விரிப்பின் இரண்டு மூலையை நாத்தனார் கையில் திணித்து, மறுமுனையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தாள். பின்னால், “ஏய், இதை என்னடா பண்றது?” என்ற குரலும், “இழுக்கா, நல்லா இழு! இப்ப என்கிட்ட வா!” என்ற குரலும் தெருமுனை வரை கேட்டன. அன்று விரிப்புகள் ஒழுங்காகவே மடிந்தன. நாத்தனாருக்கு விசிறுவதைவிட இது நன்றாக வந்தது.

அதற்கப்புறம் மகன் லாட்ஜுக்குப் போகிற வழியில் அம்மாவை இறக்கிவிட ஆரம்பித்தான். இத்தனை நாளும் ஆஸ்பத்திரி அதே வழியில்தான் இருந்தது.

அடுத்த பரிசோதனையில் நர்ஸம்மா அதே சிரிப்போடு கேட்டாள். “வீட்டு வேலையெல்லாம் செய்ய முடியுதா?”

“முடியுது. ஆனா பாதியை வீட்டுல இருக்கறவங்க செய்யறாங்க.”

நர்ஸம்மா நிமிர்ந்து பார்த்தாள். அடுத்து என்ன கேட்பது என்று தெரியாமல், “வேற என்னம்மா செய்யறீங்க?” என்றாள்.

“நடக்கறேன். பாட்டு கேக்கறேன். தூங்கி எந்திரிக்கும்போது நெஞ்சைத் தொட்டுப் பாக்கறதில்ல. மறந்துடுது,” என்றாள் லாண்டரியக்கா. அதைச் சொல்லும்போதுதான் அது உண்மை என்று அவளுக்கே தெரிந்தது. வீடு வரை முகம் மலர்ந்தே இருந்தது.

வகுப்பின் கடைசி நாள் விசில்காரப் பெண் மெஷினைச் சரிவாக்கி ஏற்றத்தில் நடக்கவிட்டாள். லாண்டரியக்கா கம்பியைப் பிடிக்காமல் கை வீசி நடந்து முடித்தபோது போஸ்ட்மாஸ்டர் எழுந்து நின்று சல்யூட் அடித்தார். “இனிமே நீங்கதாம்மா கேப்டன்,” என்றார் மரக்கடைக்காரர். “நீங்க சொல்வீங்களே, அந்தப் பழைய கேப்டன் என்ன பண்றாரு?”

“தொப்பை வளக்கறாரு,” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரித்துவிட்டு, கிளம்பும் முன் விசில்காரப் பெண்ணிடம் தனியாக ஏதோ பேசிவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கல்லாமேசை மணியை எடுத்துக்கொண்டு படியேறினாள். மாடியில் நிற்கவில்லை. நடுப்படியிலும் நிற்கவில்லை. மொட்டைமாடிக் கதவைத் தள்ளித் திறந்தபோது காற்று முகத்தில் அடித்தது. மூச்சு வாங்கியது. ஆனால் அது நடந்தவளுக்கு வருகிற மூச்சு, பயந்தவளுக்கு வருகிறது அல்ல. வித்தியாசம் அவளுக்கு இப்போது தெரியும். கொடியில் விரிப்புகள் படபடத்தன. அவற்றை மகன் காயப்போட்டிருந்தான், கோணலாக. அவள் சரிசெய்யவில்லை. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்து, காலை நீட்டி, மணியைக் கைப்பிடிச் சுவரில் வைத்து, ஒரு தட்டு தட்டினாள். இன்னொரு தட்டு.

கீழே நாற்காலி உருளும் சத்தம். படிகளில் தடதடவென்று காலடி. கதவில் வந்து நின்ற கணவர் நிலையைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளிறியிருந்தது.

“என்னம்மா? என்ன ஆச்சு? நெஞ்சா?”

“ரெண்டு தட்டு தட்டினேன். டீ எங்க?”

அவருக்குப் பேச மூச்சு வரவில்லை. குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு இரைத்தார். அவள் எழுந்து போய் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள். பயந்து ஓடி வந்திருக்கிறாரே என்று உள்ளுக்குள் இனித்தது.

“மூச்சு வாங்குதா?”

“லேசா…”

“புதன்கிழமையிலேருந்து அடுத்த வகுப்பு ஆரம்பிக்குது. உங்களையும் சேத்துக்கச் சொல்லிட்டேன்.”

“என்னைக் கேக்காமலேயா?”

அவள் அவரைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாக அவர் முகத்தில் அசடு வழிந்தது. பிறகு அசடு சிரிப்பானது. இருவரும் கொடிக்கு நடுவில் நின்று வாய்விட்டுச் சிரித்தார்கள்.

“சரி சரி, போறேன்,” என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “ஷூவைக் கழட்டிக் குடு.”

“இது என்னுது. நீங்க வேற வாங்கிக்கங்க.”

கீழே யாரோ வந்து, மணியைக் காணாமல், கல்லாமேசையைக் கையால் தட்டிக் கூப்பிட்டார்கள். லாண்டரியக்கா மறுபடி வாளியில் உட்கார்ந்து தன் கால்களைக் குனிந்து பார்த்தாள். ஷூவும் வாத்து சாக்ஸுமாக அவை சுகமாக நீண்டு கிடந்தன, அசையவில்லை.

“வர்றேன், வர்றேன்!” என்று குரல் கொடுத்துக்கொண்டே அவர் இறங்கிப் போனார்.